கரைபோல் தெரிந்த மணல்திட்டு

பதிவு 1. ஜூலை 11, 2081. காலை 06:10

எங்கள் படை உண்மையாகவே எதிரியின் இந்தக் கரையில் இறங்குமா? எனக்குத் தெரியாது. தலைமையிடம் கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். ஒளிந்திருந்து கரையின் சரிவை அளப்பது மட்டுமே என் வேலை. கடலடியில் ஊர்ந்து அளக்கும் ஆறு இயந்திர நண்டுகளும் சரியாக இயங்குகின்றன. மணல் உறுதி. தடை இல்லை. படகு நேராகக் கரை தொடலாம். அளவுகளை அனுப்பிவிட்டேன்.

முதல் படகின் தலைவன் என் தம்பி செல்வின். விதியை மீறி அலைவரிசையில் நுழைந்தான்.

"யக்கா, ஒன் நண்டுல ஒண்ண கொழம்புக்கு எடுத்து வையி. வந்து சாப்பிடுதேன்."

"ஏல, அது இரும்பு. பல்லு போயிரும்."

பதிவு 2. ஜூலை 13. மாலை 17:40

இரண்டு நாளாகப் புயல் அலை. கரைக்கு முன்னால் புதிதாக ஒரு மணல்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே நான்கு மீட்டர் பள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. படகு திட்டில் தட்டும். கரை வந்துவிட்டதென்று படகின் முன்கதவை இறக்குவார்கள். முழுச் சுமையோடு இறங்குவார்கள்.

இதைச் சொல்ல வழியில்லை. எதிரியின் குண்டில் செய்தி அனுப்பும் கருவி உடைந்துவிட்டது. கேட்க மட்டும் முடிகிறது. ஐந்து நண்டுகள் போய்விட்டன.

பதிவு 3. ஜூலை 14. காலை 11:05

தலைமையின் செய்தி: "உங்கள் கரையில் தரையிறக்கம் இல்லை. எதிரியை அங்கே காவல் நிற்கவைப்பதே உங்கள் பணி. படை வடக்கே இறங்குகிறது. மீட்பு பின்னர்."

இதை நான் ஊகித்திருக்க வேண்டும். கடல்வழி வரும் படை, தான் இறங்காத கரையிலும் வேலை செய்கிறது. எங்கே இறங்குமோ என்ற பயமே எதிரியைச் சிதறடிக்கிறது. நான் அளந்ததும் அந்த நாடகத்தில் சேர்த்திதான். கோபம் வரவில்லை. திட்டில் யாரும் தட்டப் போவதில்லை.

11:50

செல்வின்: "யக்கா, கேக்குதா? ஏன் பதிலே இல்ல? ஒன்ன அங்கனயே போட்டுட்டுப் போறானுவளாம். நா விட்டுருவனா? விடியக்காலம் வாரேன். நீ குடுத்த அளவு கையில இருக்கு. பயப்படாத."

வராதே. வராதே என்று உடைந்த கருவியிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். வராதே செல்வின்

பதிவு 4. ஜூலை 15

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எதிரி வடக்கே போய்விட்டான். ஒரே ஒரு படகு வந்தது. கரையில் நின்று துணியை வீசினேன், திரும்பிப் போ என்று. அழைக்கிறேன் என்று நினைத்து அவனும் கையசைத்தான். படகு திட்டில் தட்டி நின்றது. கதவு விழுந்தது. முதலில் அவன்தான் இறங்கினான். முழங்கால் தண்ணீரில் நின்று, "கொழம்பு கொதிச்சிட்டா?" என்று கத்தினான். என்னை நோக்கி நடந்தான். பிறகு காணவில்லை.

அவனுடைய ஆட்கள் கயிறு வீசினார்கள். நானும் நீந்திப் போய்த் தேடினேன். என்னைத்தான் தூக்கினார்கள். படகிலிருந்து எழுதுகிறேன்.

மிஞ்சிய ஒரு நண்டு இன்னும் அளவு அனுப்புகிறது. ஆழம் நான்கு மீட்டர். அடியில் ஒரு தடை. அசைவு இல்லை.