தலைதீபாவளி மெத்தை

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைக்கும் பாயை அலசிக் கொல்லையில் போட்டாச்சு. அம்மாதான் போட்டாள். முப்பத்தோரு வயசு மகனுடைய மூத்திரப் பாயை. எழுதவே கை கூசுது. சின்னப் பிள்ளையில் இருந்தது, பிறகு நின்றுபோனது. உடம்பு போட்டதிலிருந்து, ரெண்டு வருஷமாக மறுபடியும். தூங்கிவிட்டால் எனக்கு எதுவும் தெரிவதில்லை. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். என் சொல்லைக் கேட்டுத்தான் ஆட்கள் வெடிமருந்தைத் தொடுவார்கள். என் உடம்பு மட்டும் என் சொல்லைக் கேட்காது.

காரியாபட்டிப் பெண்ணுக்குப் பூ வைத்தாயிற்று. கல்யாணத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேனே என்றேன். "ஏலே மணி, எவனாச்சும் பாத்தான்னா கல்யாணம் நின்னுபோகும். ஒருத்தி வந்து பக்கத்துல படுத்தா எல்லாம் சரியாயிரும்" என்கிறாள் அம்மா.

சரியாகிவிடுமா?

ஆகஸ்ட் 25

காரியாபட்டியிலிருந்து அருணாதேவி போன் பண்ணினாள். ஒரே ஒரு கேள்விதான். "நீங்க குடிப்பீகளா?" அவள் அப்பா குடித்தே செத்தவர். "வேற எதுனாலும் சமாளிச்சுக்கிடுவேன். குடி மட்டும் வேண்டாம்" என்றாள். நான் பீர்கூடத் தொட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்போதே இதையும் சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. "அப்புறம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14

கல்யாணம் முடிந்து ஒரு வாரம். அவள் தூங்கும் வரை கட்டிலில் படுத்திருப்பேன். பிறகு நாற்காலிக்கு வந்துவிடுவேன். கண் செருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. அவளோ, வெக்கையில் நிற்கிற மனுஷன் என்று பாட்டில் நிறைய நிரப்பிக் கொடுக்கிறாள். கம்பெனி வாசல் வேம்புக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். "பரவாயில்லையே, பூராம் குடிச்சிட்டீகளே" என்று சந்தோஷப்படுகிறாள் பாவி.

இன்றைக்குக் கேட்டாள்: "என்னைய உங்களுக்குப் பிடிக்கலையா?"

ஐயோ.

செப்டம்பர் 30

கலவை ரூம் வாசலில் நின்றபடியே கண் அசந்துவிட்டேன். மேனேஜர் பலவேசம் அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, நீ கண்ணசந்தா இங்கன ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்லே." பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார். அவர் செய்தது நியாயம்தான். அங்கே பெட்டி ஒட்டுகிற பொம்பளைகள், "புது மாப்பிள்ளை, ராத்திரி எங்க தூங்க விடுறாக!" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

அக்டோபர் 13, ஞாயிறு

கறிச்சோறு தின்றுவிட்டு அவள் மடியில் தலை வைத்தவன் அப்படியே தூங்கிப்போனேன். கொஞ்ச நேரத்தில் உலுக்கி எழுப்பிவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "எம்புட்டுக் குறட்டை! நடுவுல மூச்சே நின்னுபோகுதுங்க. நான் செத்துப் பிழைச்சேன்" என்றாள். பதறிப்போய் லுங்கியைத் தடவிப் பார்த்தேன். நனையவில்லை. அவள் என் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இவளை விட்டு என்னால் இருக்க முடியாது.

அக்டோபர் 29

தலைதீபாவளிக்கு அருணா முன்னாலேயே போய்விட்டாள். நாளைக்குக் கடைசி லோடு ஏற்றிவிட்டு நானும் போகணும். அங்கன அந்த ரூமில் நாற்காலி இருக்குமா?

அக்டோபர் 31

போச்சு. எல்லாம் போச்சு.

நவம்பர் 2

எழுதித்தான் ஆகணும், இல்லாட்டி கிறுக்குப் பிடிச்சிரும்.

போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது. அத்தைதான் கதவைத் திறந்தார்கள். அருணா விடிய விடிய அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்காகப் புதுசாக இலவம்பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். சீசன் பூராவும் தூங்காத உடம்பு. நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. எப்போது மெத்தைக்குப் போனேன் என்றே தெரியவில்லை. எண்ணெய் தேய்க்க எழுப்புவதற்குக் கதவைத் தட்டியபோது மெத்தை, வேட்டி எல்லாம் நனைந்து கிடந்தது. எதைக் கொண்டு மறைப்பேன்?

அவள் அண்ணன் கண்ணுச்சாமி உள்ளே வந்தார். பார்த்தார், மூக்கைச் சுளித்தார். பிறகு மெதுவாக, "என்ன மாப்ள, சரக்கா?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் மனுஷன். நானும் கப்பென்று பிடித்துக்கொண்டேன். "ஆமா மச்சான், கம்பெனிப் பயலுக ஊத்திக் குடுத்துட்டானுக."

வாசலில் காபி டம்ளரோடு அருணா நின்றுகொண்டிருந்தாள்.

குடிகாரன் என்றால் ஊர் மன்னிக்கும், மூத்திரம் போகிறவன் என்றால் சிரிக்கும். அப்படி நினைத்தேன். அவளை நினைக்கவில்லையே! போடா கூறுகெட்ட பயலே!

மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். தெருவே வெடி போட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னோடு கிளம்பவில்லை.

நவம்பர் 24

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். மதுரையில் டாக்டரைப் பார்த்தேன். இனி மறைத்து எதைக் காப்பாற்ற? அவள் சொன்னதைச் சொன்னேன், மூச்சு நின்று நின்று வருகிறது என்று. ஒரு ராத்திரி படுக்க வைத்து, உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். மூச்சுக்குப் போராடுகிற போராட்டத்தில், உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இருதயம் தப்பாக நினைத்து மூத்திரத்தைக் கூட்டிவிடுகிறதாம். அசந்துபோன மூளைக்கு எழுப்பத் தெரியவில்லை. "ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடக்கிற ஆம்பளைங்க பல பேருக்கும் இதுதான் காரணம். மூக்கில் மாட்டுகிற மெஷின் வச்சுத் தூங்குங்க, சரியாயிரும்" என்றார்.

இவ்வளவுதானா?

"மூச்சு நிற்கிறதை யார் கவனிச்சது?" என்றார். என் சம்சாரம் என்றேன். "கெட்டிக்காரங்க. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றவன் அழுதுவிட்டேன்.

டிசம்பர் 8

காரியாபட்டி போனேன். டாக்டர் சீட்டைக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். அருணா நிலைப்படியில் சாய்ந்தபடி கேட்டாள். சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"இதுக்காங்க? அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாம நானே மெத்தைய அலசியிருப்பேனே."

டாக்டர் சீட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க மேல வாடையே இல்லன்னு அம்மா சொன்னுச்சு. நான் உங்க வாயத்தான் நம்புனேன். எங்கப்பா தெனமும் குடிக்கலன்னு பொய் சொல்லுவாரு. நீங்க குடிச்சேன்னு பொய் சொல்லியிருக்கீக. எது நெசம் எது பொய்னு பாத்துக்கிட்டே எங்கம்மா கிழவியாயிருச்சு. என்னால முடியாதுங்க."

"மெஷினை மறக்காம மாட்டிக்கோங்க" என்று மட்டும் கடைசியில் சொன்னாள். அதுதான் நெஞ்சைப் பிடுங்குது.

2025 ஜனவரி 26

பெரியவர்கள் பேசி எங்களைப் பிரித்துவிட்டார்கள். சீர் சாமான் எடுக்க லோடு வண்டி வந்தது. பீரோ, கட்டில், பாத்திரம். கண்ணுச்சாமி மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணி பாட்டிலை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

மெஷின் மாட்டப் பழகிவிட்டது. இந்த வாரம் பூராவும் தூங்கினேன். மறுபடி பாயில்தான் படுக்கை. அவள் கொடுத்த பாட்டிலில் ராத்திரியும் தண்ணீர் குடிக்கிறேன்.

காலையில் அம்மா வழக்கம்போல வாளியோடு வந்து நின்றாள். "அலச ஒண்ணுமில்லம்மா" என்றேன். குனிந்து பாயைத் தடவிப் பார்த்தாள். ஓரம் வரைக்கும் தடவினாள். பிறகு அங்கனயே உட்கார்ந்து, "அருணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டாலே?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.