ஐந்தரைக்கு அழிந்த பட்டியல்

ஜன. 4, ஞாயிறு

குளிர். விரல் விறைத்துத் தட்டச்சே ஓடவில்லை. சர்வர் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, இருப்பதிலேயே மலிவானது. அப்பா ஸ்டாண்டின் பதினோரு ஜீப்புக்கு இது போதும். டிரைவர் வந்ததும் போனில் பெயர் போடுவார். அந்த வரிசையில் சவாரி. அவ்வளவுதான் ஆப்.

முடிந்தது:
– பைத்தான் மென்பொருள் ஏற்றியது
– ரீஸ்டார்ட் ஆனாலும் பெயர்கள் அழியாதது (மூன்று தரம் பார்த்தேன்)
– தேதி மாறினால் பட்டியல் தானே புதிதாவது

ஆப்பின் இணைய முகவரிப் பக்கத்தில், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக் குறி இன்னும் வரவில்லை.

ஸ்டாண்டில் நோட்டை வைத்துத் தினம் சண்டை, யார் முதலில் வந்தது என்று. "எம்மவ கம்ப்யூட்டர்ல செஞ்சு தருவா"ன்னு வாய்விட்டது அப்பா. அதுதான் பயம். முப்பது வருஷமாக அங்கே ஜீப் ஓட்டுகிற மனுஷன்.

ஜன. 5, திங்கள்

மாட்டுப்பட்டிப் பக்கம் மூடுபனி. பகல் முழுக்கச் சோதனை, பொய்ப் பெயர்கள் போட்டு. எல்லாம் சரி. பூட்டுக் குறியும் வந்துவிட்டது. ஸ்டாண்டு செக்ரட்டரி அண்ணாச்சி போனில்: "நோட்டப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன் தாயி. நாளையிலருந்து ஒன் ஆப்புதான்."

சோறு இறங்கவில்லை.

ஜன. 6, செவ்வாய்

நாசம்.

ஐந்தரைக்கு முன்னால் ஐந்து பேர் பெயர் போட்டிருக்கிறார்கள். ஐந்தரைக்குப் பட்டியல் மொத்தமும் காலி. அப்பா போனது 5.35க்கு. பெயரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டூரிஸ்ட் வந்ததும் அண்ணாச்சி போனைப் பார்த்துக் கூப்பிட்டது அப்பா பெயரை. முதல் சவாரி!

நிஜத்தில் முதலில் வந்தவர் செல்வம் அண்ணன். எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "மக செஞ்சது அப்பனுக்குத்தான ஓடும்."

அப்பா சவாரி எடுக்கவில்லை. செல்வம் அண்ணனை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் ஒரே கேள்வி: "எனக்காக ஏதும் செஞ்சியா புள்ள?" இல்லை என்றேன். கேட்டாரே என்றுதான் ஆறவில்லை. அழுதேன்.

மதியம் பிழையைப் பிடித்தேன். சர்வர் கடிகாரம் லண்டன் நேரத்தில். அங்கே நள்ளிரவு பன்னிரண்டு, இங்கே காலை ஐந்தரை. தேதி மாறியது, பட்டியல் போனது. மடச்சி நான், சோதித்ததெல்லாம் பகலில். திருத்த ஒரே வரி.

சாயந்தரம் அப்பாவோடு ஸ்டாண்டுக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தர்: "தொரைமாரு போயி எத்தன வருசமாச்சு, இன்னும் அவுக டயந்தானா?" சிரித்தார்கள். செல்வம் அண்ணன் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பாப்போம்." அப்பா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

ஜன. 7, புதன்

புல்லெல்லாம் உறைபனி. நாலரைக்கே அப்பாவோடு போனேன். ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை.

"பேரப் போடுங்கப்பா."

"இருக்கட்டும்."

ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். செல்வம் அண்ணன் முதல் பெயர். 5.29. 5.30. 5.31, ஒன்பது பெயரும் அப்படியே. அப்பா பட்டியலைப் பார்க்கவும் இல்லை, ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு மிச்சமிருந்த ஒரு ஜீப்பும் வந்தது, பத்தாவது பெயர். அந்த டிரைவர் பெயர் போட்டதும் அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"இப்பப் போடு."

போட்டேன். பதினொன்று.