பாலம் வரட்டும் என்றவன்

அன்புள்ள பாப்பா,

போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை; வீட்டில் எழுதலாமென்றால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். அதனால் பிள்ளைகள் போனபிறகு வகுப்பறைக் கடைசி பெஞ்சில் ஒளிந்து எழுதுகிறேன்.

‘பாலம் வரும்போது கடந்துகொள்ளலாம்’ என்ற ஆங்கிலச் சொல்வழக்கை முப்பது வருடமாக நடத்துகிறேன். வராத சிக்கலுக்கு இப்போதே கவலைப்படாதே என்று பொருள். நடத்தியதோடு விட்டேனா? குடித்தனமே அதை வைத்துத்தான் ஓட்டினேன். கூரை ஒழுகினாலும் அதுதான், பல் வலித்தாலும் அதுதான். போன வருடம் உன் அம்மா, “மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்குங்க” என்றபோதும் அதையே சொன்னேன். அவளும் சிரித்தாள்.

நேற்று டாக்டரம்மா, “ஒரு வருஷமா என்ன சார் பண்ணீங்க?” என்று கேட்டார். இங்கிலீஷ் வாத்தியார் அவருக்கும் அந்தச் சொல்வழக்கை நடத்தவா முடியும்? இனி மூன்று மாதம்தான் என்கிறார்.

“அவளுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்கிறாள் உன் அம்மா. எல்லாம் நான் பழக்கிவிட்டது. வந்துவிட்ட சிக்கலுக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்று வகுப்பில்கூட நான் சொன்னதில்லை.

பரீட்சை அடுத்த வருடமும் வரும். இன்றே கிளம்பு. என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. முதலில் உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்.

உன் அப்பா