கட்டைவிரலுக்கு உடைத்த தேங்காய்

ஏலப்பாறை
12.6.2025

அன்புள்ள பழனாத்தாள் அக்காவுக்கு,

தங்கச்சி ராமலட்சுமியின் வணக்கம். நீங்களும் காளிச்சாமி அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நான் பாதி சுகம். எழுத்து என்னுடையதில்லை. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் எழுதுகிறார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது, புற்று போனால் போதும் என்றிருந்தோம். எனக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மார்பில் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை, வலது கை, தோளிலிருந்து விரல் நுனி வரை மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. முந்தானை பட்டாலே உயிர் போகிறது. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, எரிச்சல் போவதில்லை.

தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்து ஒரு வருஷமாகிறது. ஓணத்துக்குள் வேலைக்கு இறங்காவிட்டால் செக்ரோல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இவர் போன வருஷமே பேக்டரியில் ரிட்டையர் ஆகிவிட்டார். என் பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

இவர் தெரியாமல் தொட்டாலும் கத்திவிடுகிறேன். அதனால் டீயைக்கூடக் கையில் தருவதில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறார். (எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை அக்கா. – ஈஸ்வரன்) இவர் நடுவில் என்னவோ சேர்த்து எழுதுகிறார். கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறார்.

உங்கள் தங்கச்சி,
ராமலட்சுமி


எலப்புள்ளி
23.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சோறே இறங்கவில்லை. உன் லயத்தில் போன் சிக்னல் கிடைத்திருந்தால் அப்போதே திட்டியிருப்பேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது உனக்காக டாக்டரிடம் கேட்டேன். அங்கே வலிக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. தலைக்கு மேலே ஒரு வளையத்தை வைத்து, காந்த சக்தியால் மூளையைத் தட்டி எழுப்புவார்களாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. கை நரம்பு அடிபட்டதால் வலி வலி என்று மூளைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறதாம், அந்தச் சத்தத்தை மூளையிலேயே குறைக்கப் பார்ப்பார்களாம். எல்லாருக்கும் இந்த வைத்தியம் கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்று டாக்டர் நேர்மையாகவே சொன்னார்.

ரெண்டு வாரம் தினமும் போக வேண்டும். நீ எங்கள் ஊட்டில் தங்கிக்கொள். வாளையாறு தாண்டினால் ஆஸ்பத்திரி. உன் அண்ணன், "தங்கச்சி வர்றதுக்கு எதுக்குங்க லெட்டரு, கெளம்பி வரச் சொல்லுங்க" என்கிறார்.

அக்கா,
பழனாத்தாள்


ஏலப்பாறை
2.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வரவில்லை.

பக்கத்து வீட்டு சாந்தம்மாளிடம் சொல்லித் தொலைத்தேன். "கையில நோவுன்னா மண்டைக்கு எதுக்குடி வைத்தியம்?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க, ராமலட்சுமிக்கு மண்டையில் கரண்டு வைக்கப் போகிறார்களாம் என்று பேச்சு. பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டு எந்த முகத்தோடு வேலைக்கு இறங்குவேன்? இந்த வைத்தியமும் கேட்காவிட்டால் அப்புறம் நம்பிக்கொண்டிருக்கவும் ஒன்றுமில்லை. அதுதான் அக்கா பெரிய பயம். ரெண்டு வாரம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ராமலட்சுமி

(அக்கா, அவள் குளிக்கப் போயிருக்கிறாள். பதினொன்றாம் தேதி அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். லயத்தில் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் கை வேண்டும். – ஈஸ்வரன்)


எலப்புள்ளி
7.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ போனதிலிருந்து ஊடு வெறிச்சென்றிருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். உன் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்த முதல் நாள் கூத்தை நீங்கள் ரெண்டு பேரும் அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்வேன்? மெஷின் ஓட்டும் மலையாளத்துப் பெண் ஷீனா உன் மூக்குத்தி, கம்மலை எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தலையின் இடது பக்கம் வளையத்தை நகர்த்தி நகர்த்தி டக் டக்கென்று தட்டினாள். திடீரென்று உன் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. எங்கள் கருப்பராயன் கோயிலில் அருள் வருவது அப்படித்தான், விரலில்தான் தொடங்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, "வந்திருக்கறது ஆருங்க சாமி?" என்று உன் விரலைப் பார்த்துக் கேட்டேன். ஆஸ்பத்திரியே சிரித்தது. "அம்மா, சாமி இல்ல. மூளையில கைக்கான இடம் இதாணு. விரல் துள்ளுனாத்தான் சரியான இடம்னு நமக்குத் தெரியும்" என்றாள் ஷீனா.

சாந்தம்மாள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், போய்ச் சொல். சாமி இல்லை என்பது ஷீனாவின் கணக்கு. நான் எதற்கும் கருப்பராயனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றாய். மாதிரி என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. என் மனசு நோகும் என்று சொன்னாயா, நிஜமாகவே சொன்னாயா? உள்ளதை எழுது.

அக்கா,
பழனாத்தாள்


ஏலப்பாறை
2.9.2025

என் அக்காவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்தீர்களா? இது என் எழுத்து. வலது கை எழுத்து.

அன்றைக்கு "மாதிரி" என்று சொன்னது உங்கள் மனசுக்காகத்தான். ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு காலையில் முகம் கழுவினேன், துண்டால் துடைத்தேன், வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன், எந்தக் கையால் துடைத்தேன் என்று. அங்கேயே நின்று அழுதேன். சாந்தம்மாள் ஓடிவந்தாள். துண்டை அவளிடம் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. மழை பிடித்துக்கொண்டால் சுள்ளென்று வரும். மாதம் ஒரு தடவை மெஷினுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இருக்கட்டும் அக்கா, அதோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

நேற்று வேலைக்கு இறங்கினேன். ஓணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கத்திரியைப் பிடித்தேன், பிடி விடவில்லை. மத்தியானத்துக்குள் என் சாக்கு நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் செக்ரோலில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். முதல் குலவை சாந்தம்மாளுடையது.

இனி இவர் எழுதாத சங்கதி. இவர் எழுதியிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வழக்கம் போல டீயை மேசையில் வைக்கப் போனார். "கையில குடுங்க" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். நான்தான் போய், அவர் விரல்களோடு சேர்த்து டம்ளரைப் பிடித்தேன்.

"எரியுதா?" என்றார்.

"டீ ஆறுது, விடுங்க" என்றேன். அவர் விடவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறிப்போன டீயைத்தான் குடித்தேன்.

இந்தக் கடிதத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று இவருக்கு வருத்தம். முகவரியை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எழுதி முடித்ததும் வலது கையைக் கேட்பார். கொடுத்துவிடுவேன்.

கருப்பராயனுக்கு என் பேரில் இன்னொரு தேங்காய் உடையுங்கள்.

உங்கள்,
ராமலட்சுமி