நாற்பத்து மூன்று இன்ச் டிவியும் உன் அப்பாவும்

மாதா துணை

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
ஜூலை 27, ஞாயிறு

அன்பு மகள் மிரண்டாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் வலது முட்டியைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் உன் மாடுகளும் நியூசிலாந்துக் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்துமணி உனக்காகவே சொல்கிறேன். இந்தக் காலத்தில் பேனா பிடித்து எழுதுகிறாளே என்று சிரிப்பாய், சிரி. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுகிறாய். இதை நீ உட்கார்ந்து முழுசாகப் படித்தே ஆகவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால், உங்க ரெண்டு பேருக்கும் வேலை இல்ல, நான் படிப்ப ஒரு வருஷம் நிறுத்திட்டு வந்து வேலைக்குப் போறேன் மா என்று ஒரு மெசேஜ் போட்டாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டு டாக்டர் படிப்பில் நாலாவது வருஷத்தில் வந்து நின்றுகொண்டு இது என்ன பேச்சு? இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை படிப்பை நிறுத்தும் பாரத்தை எழுதிக் கொடுக்கமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

முதலில் என் சமாச்சாரம். பிப்ரவரியில் தஞ்சோங் பகார் ஆபீஸில் கப்பல் பத்திரம் பார்க்கும் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள், பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு கேக்கும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அப்பாவும் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பஸ் ஓட்டக்கூடாது என்று ஆகி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரே ஹாலில் நாள் முழுக்க இரண்டு பேர், மின்விசிறி மூன்றில் ஓடவேண்டுமா இரண்டில் ஓடவேண்டுமா என்பதற்குக்கூடச் சண்டை. உனக்குத் தெரியாதது என்னவென்றால் மே மாதம் எதிர்வீட்டு சரஸ்வதி டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு அடியில் தமிழில் எழுத்து ஓடுகிறதல்லவா, அதை எழுதித் தர ஒரு கம்பெனி ஆள் தேடுகிறதாம், வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு வைப்பார்கள் என்றார். ஐம்பத்தெட்டு வயதில் தேர்வா என்று இரண்டு நாள் யோசித்தேன், மூன்றாம் நாள் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேறாவிட்டால் வெட்கம் என்றுதான் உன்னிடம் மூச்சு விடவில்லை.

பெயர் கொடுத்த பிறகுதான் வினை. நீ ஜூனியர் காலேஜில் வைத்திருந்த லேப்டாப்பில் பாதித் திரையில் படம், பாதித் திரையில் எழுத்து என்று வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இடது கண் ஆபரேஷனுக்குப் பிறகு அரைமணிக்கு மேல் பார்த்தால் மண்டை இடிக்கிறது. பெரிய மானிட்டர் வாங்கலாம் என்று பார்த்தால் விலை எங்கேயோ நிற்கிறது. நம் வீட்டு டிவியிலும் நடுவில் ஒரு பச்சைக்கோடு விழுந்து பந்து விளையாடுகிறவர்கள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே டிவியாக வாங்கு, பகலில் உனக்குக் கம்ப்யூட்டர், சாயங்காலம் எனக்குப் பந்து என்று அப்பா சொன்னார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனை இது என்று நானும் ஒத்துக்கொண்டேன். லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் நேரே தேக்காவில் உள்ள டிவி கடைக்கு நடந்தோம். சாமான் வாங்கும் பையில் உன் லேப்டாப்பையும் அதன் வயரையும் வைத்து நான் எடுத்துப் போயிருந்தேன். கடைக்குள் கால் வைத்ததுமே அப்பா சுவர் அகலத்துக்கு இருந்த அறுபத்தைந்து இன்ச் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார். அங்கே வேலை பார்க்கும் சுரேந்தர் என்ற தம்பி நல்ல பிள்ளை, விலையைச் சொல்லாமல் முதலில் எவ்ளோ தூரத்துல உக்காந்து பாப்பீங்க ஆன்ட்டி என்று கேட்டான். ஒரு கை நீளம் என்றேன். அப்போ இது வேணாம் ஆன்ட்டி, டென்னிஸ் மேட்ச் பாக்குற மாதிரி கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும், நாப்பத்து மூணு போதும் லா, ஆனா ஃபோர்கேயா இருக்கணும், இல்லன்னா கிட்ட வந்தா எழுத்து உடையும் என்றான். சொன்னால் நம்பிவிடுவேனா, ஒவ்வொரு டிவியிலும் லேப்டாப்பைச் சொருகி நான் தட்டெழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்து கை நீட்டிப் பார்த்துப் படித்தேன். ஒன்றில் எழுத்தைச் சுற்றி சிவப்பும் நீலமும் கசிந்தது, இன்னொன்றில் மௌஸை நகர்த்தினால் அம்பு ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது, மூன்றாவது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி என்னையே காட்டியது. பின்னால் கூட்டம் கூடிவிட்டது. அப்பாவுக்கு மானம் போய்விட்டதாம், ரைஸ் குக்கர் வாங்க வந்தவர் மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஐந்தாவதாகப் பார்த்தது பளிச்சென்று இருந்தது, முதுகில் ஒரு கீறல் விழுந்த டிஸ்பிளே செட் என்பதால் குறைத்துக் கொடுத்தார்கள். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எடுத்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த கூத்து. அந்த டிவிக்குக் கால் இரண்டும் இரண்டு ஓரத்தில். ஹாலுக்கு இழுத்துப் போட்ட உன் படிப்பு மேசையோ நீளத்தில் ஒரு சாண் குறைவு. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிய நான் காலைப் பார்க்கவில்லை. அப்பா உன் கட்டிலின் அடிப்பலகை ஒன்றைக் கழற்றி மேசை மேல் போட்டு ஆணி அடித்து டிவியை நிறுத்திவிட்டார். ஆகையால் உன் கட்டில் இப்போது நடுவில் குழி. லேப்டாப்புக்கு மேசையில் இடம் போதாமல் வலது பக்கம் ஒரு ஸ்டூலில் வைத்தோம். மற்றபடி, அடடா, என்ன வெளிச்சம், என்ன தெளிவு! ஒரு மாதம் உட்கார்ந்து பழகினேன், தலைவலி என்று ஒரு நாள் படுக்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. கேமராவைத் திறந்து வைக்கவேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று விதி. அப்பாவைக் கீழ்த்தளத்து வாய்ட் டெக் பெஞ்சில் போய் உட்காரச் சொன்னேன், சரி சரி என்று தலையாட்டினார். நானும் கதவு சத்தம் கேட்டதாக நினைத்து ஆரம்பித்துவிட்டேன். இருபது நிமிஷம் போயிருக்கும், கேமரா வழியாக மேற்பார்வை பார்த்த பெண், பெயர் ஃபர்சானா, திடீரென்று நிறுத்தச் சொன்னாள். ஆன்ட்டி, நீங்க கேமராவையே பாக்கல, அந்தப் பக்கமே பாக்குறீங்க, அங்க யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கேமரா இருப்பது ஸ்டூலில் உள்ள லேப்டாப்பில், நான் பார்ப்பது டிவியில், இது எனக்குத் தோன்றவே இல்லை பார். யாரும் இல்லம்மா, டிவியத்தான் பாக்குறேன் என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன். காட்டினால் என் முதுகுக்குப் பின்னால் சோபாவில் உன் அப்பா! பனியனும் கைலியுமாக, மூச்சுக்கூட விடாமல், ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு! மனுஷன் கீழே போகவே இல்லை. மனசு கேக்கல என்று அப்புறம் சொன்னார். ஃபர்சானா முகம் மாறிவிட்டது, சாரி ஆன்ட்டி, ஆள் இருந்தா கேன்சல் பண்ணணும், இது ரூல் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கடித்துக் குதறியிருப்பேன், கேமரா பார்க்கிறதே என்று விட்டேன்.

அப்போது அவர் எழுந்து வந்து கேமரா முன்னால் நின்றார். அம்மா, நான் இவளுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கல, குடுக்கவும் முடியாது, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்துல மலாய்தான் எடுத்தேன் என்றார். மிரண்டா, இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்டதே இல்லை. உன் தமிழ் நோட்டில் கையெழுத்து வாங்க வரும்போதெல்லாம் கண்ணாடியைக் காணோம் என்று என்னிடம் அனுப்புவாரே, அது இதனால்தான். முப்பது வருஷமாகக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிற மனுஷன். என் கூடப்பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியவிடாமல் வைத்திருந்தார். அந்தப் பெண் நம்பவில்லை போல, டிவில இருக்குற ஒரு வரிய படிங்க அங்கிள் என்றாள். அவர் குனிந்தார். அவ்வளவு பெரிய எழுத்து, அவ்வளவு தெளிவு, முதல் சொல்லையே தாண்ட முடியாமல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணு, வெட்கத்தில் இல்லை. ஃபர்சானா மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, ஓகே அங்கிள், சாரி ஆ, நீங்க கீழ போயிடுங்க, ஆன்ட்டிக்கு நான் வேற வீடியோ போடுறேன், லேப்டாப்ப டிவிக்கு முன்னாடி கீழ வைங்க என்றாள். முதலிலிருந்து எழுதினேன். முடித்தபோது ஒரு மணி. அவர் பிராட்டாவும் கோப்பியும் கட்டிக்கொண்டு மேலே வந்தார், ஒன்றே ஒன்று கேட்டார், அந்தப் பொண்ணு சிரிச்சாளா என்று. இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு பந்து பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை பதில் வந்தது, எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் சோதனையாம், ஒரு சமையல் நிகழ்ச்சியில் ஆரம்பிக்கிறேன். உன் படிப்புக்கென்று வைத்த பணம் அப்படியே இருக்கிறது, எங்கள் சாப்பாட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே எங்களுக்காக நீ வரவேண்டியதில்லை. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்தால் நான் பல் விளக்குவதற்குள் போன் அடிப்பாய். இந்தத் தடவை ஜூலை முதல் வாரமே வந்திருக்கும், உன் வாயிலிருந்து அதைப்பற்றி ஒரு சொல் இல்லை, அதற்குப் பதிலாக வருகிறேன் என்று மெசேஜ்தான் வந்தது. ஒரு பாடம் போய்விட்டதா? போனால் போகட்டும் போடி. பெயில் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா அப்பாவைக் காப்பாற்ற வருகிறேன் என்று சொல்லாதே. அறுபத்து மூன்று வயதில் உன் அப்பா முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னார், வீடு இடிந்து விழவில்லை. நீ எங்களிடம்தானே சொல்லப் போகிறாய்? சொல்லிவிட்டு அந்தப் பாடத்தை மறுபடி எழுது.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இரண்டு போட்டுக்கொள், மாட்டுக்குப் பின்னால் நிற்காதே. மீன்குழம்பு மசாலா அங்கே கஸ்டம்ஸில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா, வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், திரும்பிப் போகிறதுக்கும் சேர்த்து எடு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா
அற்புதமேரி இயேசுதாசன்