ஏழாம் அத்தியாயத்தில் அம்மா

அப்பா,

உங்கள் தத்துவ நூலின் புதிய பதிப்புக்கு முன்னுரை கேட்டிருந்தீர்கள். எழுதமாட்டேன்.

உலகில் எதையும் விட்டுவைக்காமல் விளக்கிவிட்டீர்கள். பக்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் கேள்வி எழுதியபோது, "சந்தேகப்படறது இந்தத் தத்துவத்துல மூணாவது படிம்மா, சீக்கிரமே தாண்டிடுவே" என்று சிரித்தீர்கள். உங்கள் மாணவர்கள் தலையாட்டினார்கள். கேள்வியையே விழுங்கி ஏப்பம் விடுகிற தத்துவத்தை யார்தான் உரசிப் பார்ப்பது?

இப்போது அம்மா வீட்டைவிட்டுப் போனதுகூட ஏழாம் அத்தியாயத்தில் உதாரணமாக வந்திருக்கிறது, 'முரண்பாட்டின் தவிர்க்க முடியாத விலகல்' என்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எல்லாம் சரிதான். ஏன் போறேன்னு அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாராடி?"

மூன்றாம் படியைவிட்டு நகராத
உங்கள் மகள்