பெகு அக்காவிடம் நான்தான் சொன்னேன்

நேற்று மாலை மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையத்தருகே வந்துகொண்டிருந்தபோது பூண்டு எண்ணெயில் பொரிகிற வாசனை அடித்தது. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற வண்டி. முட்டி வலி, பையில் திருத்த வேண்டிய பக்கங்களின் கனம். நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

“இன்னா சார், ஒரு பிளேட்தானா? அவரு வரல?” என்றார் வண்டிக்காரர்.

“ஒன்னு போதும்” என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெம்பு இல்லை. பாதி சாப்பிட்டுத் தட்டை வைத்துவிட்டேன். உனக்கு அது உயிர். எனக்கு எப்போதுமே புளிப்பு தூக்கல்தான்.

பையில் இருந்தது தென்கிழக்கு ஆசியா. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக நாம் இருவரும் தொகுத்த வழிகாட்டியின் அந்த அத்தியாயம் இந்த ஆண்டு திருத்தத்துக்கு வந்திருக்கிறது, முதல் முறையாக என் ஒருவனிடம். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையில் உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? மலை, ஆறு, எல்லை எல்லாம் உனக்கு. மக்கள்தொகை, தொழில், ஏற்றுமதி எனக்கு. ஒவ்வொரு பதிப்புக்கும் நான் எண்களோடு மல்லுக்கட்டுவேன். நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிப்பாய்.

“எம் மலை நகராது, எங் கடல் நகராது. உம் பாடுதான்யா பேஜாரு. ஜனங்க பொறந்துகினே கீறாங்க.”

லாவோஸுக்குக் கடற்கரை இல்லை என்பதை நீ ஒரு தனிப்பட்ட துக்கம்போலச் சொல்வாய். இந்தோனேசியாவின் தீவுகளை வரைபடத்தில் விரலால் தொட்டுத் தொட்டுப் போவாய். பதினொரு நாடுகளில் பத்துக்கு உன் கையெழுத்து இருக்கும். பர்மா வந்தால் மட்டும் தாளை என் பக்கம் தள்ளிவிடுவாய்.

“அத்த நீயே முழுசா எழுதிடு.”

நீ அங்கே பிறந்தவன் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நீயே எழுதலாமே என்று ஒரு நாள் கேட்டேன். அன்று மின்சாரம் போய், மின்விசிறி நின்று, இருவரும் வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். நீ தாளால் விசிறிக்கொண்டே சொன்னாய்.

பர்மாவில் பெகு என்கிற ஊரில் உன் அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கிருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய காலத்தில் உங்கள் குடும்பமும் கிளம்பியது. உன் அக்கா பாக்கியம் மட்டும் கிளம்பவில்லை. ஆலையில் வேலை செய்த ஒரு பர்மாக்காரரை அதற்குச் சற்று முன்புதான் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் கோபம். வழியனுப்பக்கூட அவளை வரச்சொல்லவில்லை. நீ சின்னப் பையன். அக்கா பின்னால் வேறு கப்பலில் வருவாள் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வியாசர்பாடியில் குடிசை போட்டு வெகுகாலம் ஆன பிறகும் நீ அதை நம்பிக்கொண்டிருந்தாய்.

“அந்த நாட்டு மக்கள்தொகைன்னு நீ ஒரு நம்பர் போடுவ இல்ல?” என்றாய். “அதுல அவ கீறாளா, இல்லியான்னு எனக்குத் தெரியாதுய்யா. நான் எப்டி எழுதறது?”

மின்சாரம் வந்தது. வேலையைத் தொடர்ந்தோம்.

அதற்குப் பிறகு நாம் எவ்வளவோ அலுத்துப்போனோம். அச்சகம் மாறியது. பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கத் தொடங்கினார்கள். நீ பெருங்களத்தூரில் அடுக்ககத்துக்குக் குடிபோனாய். ஜிஎஸ்டி சாலை இரைச்சலில் தூக்கமே இல்லை என்று தினமும் புலம்பினாய். உன் மகள்தான் ஒரு நாள் சும்மா இருக்காமல், பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் முகநூல் குழுவில் அந்தப் பழைய புகைப்படத்தைப் போட்டாள். உன் அம்மா நாற்காலியில், பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு அக்கா. மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை என்றாய். ஆனால் மகள் வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் கைப்பேசியைத்தான் பார்ப்பாய்.

பிறகு அந்தக் குரல் பதிவு வந்தது. பினாங்கிலிருந்து.

“வணக்கம் அங்கிள். என் பேரு தீரி. இந்த போட்டோ எங்க பாட்டி வீட்டுலயும் இருக்கு. சேம் போட்டோ லா.”

அக்காவின் பேத்தி. பர்மாவில் பிழைக்க வழியில்லாமல் மலேசியாவில் ரப்பர் கையுறை தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். அங்கே கூட வேலை செய்த தமிழ்ப் பெண்களிடம் தமிழ் கற்றிருக்கிறாள், அந்த ‘லா’வும் அவர்களிடமிருந்துதான். மலேசியாவின் ஏற்றுமதிப் பொருள்களில் ரப்பர் கையுறையையும் நான் பதிப்புக்குப் பதிப்பு எழுதிவந்திருக்கிறேன். அந்தக் கையுறைகளுக்குப் பின்னால் உன் சொந்தம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்கென்ன தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு என்னையும் வரச்சொன்னாய். தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது என்றாய். பெகுவிலிருந்து அக்கா, பினாங்கிலிருந்து தீரி, பெருங்களத்தூரில் நாம். அக்கா திரையில் வந்தபோது உன் மனைவி வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே உன் மூக்கு, உன் நெற்றி. பேச ஆளில்லாமல் அவளுக்குத் தமிழ் போய்விட்டது. உனக்குப் பர்மிய மொழி போய்விட்டது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு அவள் எங்கிருந்தோ தேடி எடுத்ததுபோல் தமிழில் கேட்டாள்.

“அம்மா எங்க?”

உன் அம்மா இறந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

“அம்மா தூங்குது” என்றாய்.

தீரி ஒரு கணம் தயங்கினாள். கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல அவள். ஆனாலும் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள்.

அன்று உன்னைத் திட்டினேன். “இத்தனை வருஷம் கழிச்சுப் பேசறே, முதல் பேச்சே பொய்யா?”

“அடுத்த வாரம் சொல்லிடறேன்யா” என்றாய்.

எத்தனையோ அடுத்த வாரம் வந்தது. பர்மாவில் உள்நாட்டுச் சண்டை. பாதி நாள் மின்சாரம் இருக்காது, பல வாரம் இணையமே இருக்காது. தொடர்பு கிடைக்கிற நேரத்தில் நீங்கள் இருவரும் என்ன சமைத்தோம், எங்கே மழை, யாருக்குக் கால் வலி என்று தீரியை வைத்துப் பேசிக்கொண்டீர்கள். அம்மாவைப் பற்றி அவள் மறுபடி கேட்கவே இல்லை. நீ நிம்மதியாக இருந்தாய். எனக்குத்தான் அது உறுத்தியது.

நீ போனபோது பெகுவில் இணையம் இல்லை. உன்னை அடக்கம் செய்து, வந்த உறவினர்கள் கிளம்பி, வசந்தா மறுபடி அடுப்புப் பற்றவைக்கத் தொடங்கிய பிறகும் அக்காவுக்குத் தெரியாது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கைப்பேசி அடித்தது. வசந்தா அதை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நீங்களே சொல்லிடுங்கண்ணா. அந்த முகத்தைப் பாத்து என்னால முடியாது.”

ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் உன்னை வைதுகொண்டே வந்தேன். இப்படி ஒரு வேலையை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே என்று. நீ சொன்னதையே நானும் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஊருக்குப் போயிருக்கிறான், தூங்குகிறான், ஏதோ ஒன்று. திரையில் அக்கா வந்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். உன்னைத் தேடினாள்.

“தீரி, பாட்டிகிட்ட சொல்லும்மா. தம்பி இறந்துட்டார். ரெண்டு மாசம் ஆகுது. கஷ்டப்படல.”

தீரி அழுதுகொண்டேதான் சொன்னாள். அக்கா அழவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ சொன்னாள்.

“அங்கிள், பாட்டி சொல்றாங்க… அன்னிக்கு அம்மா தூங்குறாங்கன்னு தாத்தா சொன்னாரில்ல, அப்பவே தெரியுமாம். ‘எனக்கே இவ்ளோ வயசாச்சு, எங்கம்மா எப்படி இருப்பாங்க?’ன்னு கேக்குறாங்க. திரும்பக் கேட்டா தம்பி அழுவான், அதான் கேக்கலயாம். அவன் சின்னப் பிள்ளையாம் லா.”

அறுபத்தேழு வயது ஆளை இன்னும் அவள் சின்னப் பிள்ளை என்றாள். வசந்தா கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தாய். அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே அதைச் செய்து முடித்துவிட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இப்போது என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வசந்தாவுக்கு அது தாங்கவில்லை, உன் மகளுக்கு வேலை. ஆகவே நான். சோர்வாகத்தான் இருக்கிறது. தீரிக்கு வேலை அனுமதி முடியப்போகிறதாம். அடுத்து தாய்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறாள். அங்கே யாரிடம் தமிழ் பேசுவாள், எத்தனை நாள் அது அவளிடம் தங்கும், தெரியவில்லை. பர்மாவைப் பற்றிய பக்கத்தை இந்த முறை எழுதும்போது மக்கள்தொகை என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு கிடைத்த எண்ணைப் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது? நம் வேலை அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தீரிக்கு ஷிப்ட். அக்கா நேராக எனக்கே அழைத்துவிட்டாள். அவளுக்கு நான் பேசுவது புரியாது, எனக்கு அவள் பேசுவது புரியாது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கைப்பேசியை எதிலோ சாய்த்து நிறுத்திவிட்டுக் கீரை ஆயத் தொடங்கினாள். நானும் என் பக்கங்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். நடுநடுவே நிமிர்ந்து நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள். அங்கே மின்சாரம் போகும்வரை அப்படியே இருந்தோம்.